பிஸ்தாரை, பிஸ்தாரை: சந்தக்பூ மலையில் ஆறு நாள்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வழிகாட்டி இல்லாமல் போக வழி இருந்திருந்தால் நாங்கள் அப்படித்தான் போயிருப்போம். மேற்கு வங்கத்தில் டார்ஜிலிங் பக்கம் இருக்கும் சந்தக்பூ வரைக்கும் ஜீப் பாதை இருக்கிறது, கைப்பேசியில் வரைபடம் இருக்கிறது, அப்புறம் எதற்கு ஒருவருக்குத் தினக்கூலி கொடுத்து முன்னால் நடக்கவிட வேண்டும் என்பது என் கேள்வி. ஆனால் சிங்கலிலா தேசியப் பூங்கா வழியாக நடக்கிறவர்கள் வழிகாட்டியோடுதான் போக வேண்டும் என்பது விதி. அதனால் நவம்பர் முதல் வாரத்தில் ஒரு காலை, மானேபஞ்சாங்கில் ஜீப்பை விட்டு இறங்கியதும் வழிகாட்டிகள் சங்க அலுவலகத்தில் வேண்டாவெறுப்பாகப் பெயரை எழுதிவிட்டு உட்கார்ந்திருந்தோம், நானும் என் நண்பனும்.

வந்தவருக்கு ஐம்பது வயது இருக்கும். முதுகில் எங்கள் பையில் பாதி அளவு பை, கையில் ஒரு குடை. நேபாளியில் அண்ணனை 'தாய்' என்று கூப்பிட வேண்டுமாம். முதல் எழுத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொன்னால் போதும். எனக்கு அந்த அழுத்தம் கடைசிவரை வரவில்லை, ஆறு நாளும் அவரை அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டே நடந்ததாகத்தான் கணக்கு.

இந்த மலைத்தொடரின் முதுகுத்தண்டு மீதுதான் இந்தியாவுக்கும் நேபாளத்துக்கும் எல்லை. மானேபஞ்சாங் ஊரே அப்படி, ஒரு பக்கம் மேற்கு வங்கம், மறுபக்கம் நேபாளத்தின் இலாம் மாவட்டம். இந்தியர்களுக்கு நேபாளத்துக்குள் போக விசா கிடையாது என்பதால் எல்லையைக் கடந்தோம் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்ல ஒன்றும் இல்லை. வெள்ளை அடித்த எல்லைக் கற்கள் பாதையோரம் நிற்கும், அதற்கு இந்தப் பக்கம் ஒரு கால், அந்தப் பக்கம் ஒரு கால். ஆனாலும் வாக்காளர் அட்டையோ பாஸ்போர்ட்டோ கையோடு இருக்கட்டும், சோதனைச் சாவடிகளில் பெயர் எழுதிக்கொள்கிறார்கள். பையின் அடியில் வைத்துவிட்டு ஒவ்வொரு தடவையும் துணிகளைக் கொட்டித் தேடிய ஒருவன் எங்களில் இருந்தான், அது யார் என்று சொல்ல மாட்டேன்.

எல்லை தன்னைக் காட்டிக்கொண்டது வேறு விதத்தில். நேபாள நேரம் நம்முடையதைவிட 15 நிமிடம் முந்தியது. எந்த நாட்டுக் கோபுரத்தின் சிக்னல் கிடைக்கிறதோ அதற்குத் தகுந்தபடி கைப்பேசிக் கடிகாரம் முன்னும் பின்னும் தாவும். ஆறு மணிக்குச் சாப்பாடு என்றால் யாருடைய ஆறு மணி என்று கேட்க வேண்டியிருந்தது. காசும் அப்படித்தான். நம் 100 ரூபாய்க்கு நேபாள ரூபாய் 160. விலை சொல்லும்போது 'ஐசி'யா 'என்சி'யா என்று கேட்டுக்கொள்ளுங்கள், ஐசி என்றால் இந்தியக் காசு, என்சி என்றால் நேபாளக் காசு. நம் நோட்டையே வாங்கிக்கொள்கிறார்கள், ஆனால் சில்லறை அவர்களிடம் இருக்காது, சின்ன நோட்டுகளாக எடுத்துப் போவது நல்லது.

முதல் நாள், மானேபஞ்சாங்கிலிருந்து (சுமார் 2,150 மீட்டர்) டும்லிங் (2,970 மீட்டர்). ஆரம்பத்திலேயே சித்ரே வரைக்கும் சுள்ளென்ற ஏற்றம். நாங்கள் வேகத்தைக் காட்டலாம் என்று முன்னால் ஓடினோம், இருபது நிமிடத்தில் வாயைப் பிளந்துகொண்டு ஒரு கல்லில் உட்கார்ந்தோம், தாய் அதே நடையில் குடையை ஊன்றிக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனார். போகிற போக்கில் "பிஸ்தாரை, பிஸ்தாரை" என்றார். மெல்ல, மெல்ல என்று அர்த்தம். அன்றைக்கு அது எனக்கு நக்கலாகத்தான் கேட்டது. மேக்மாவில் மேகம் சூழ்ந்துகொண்டது, பெயரிலேயே மேகம் இருக்கும் ஊர், குறை சொல்ல முடியாது. டும்லிங் நேபாளப் பக்கம். ராத்திரி சோறு, பருப்பு, கீரை, இரண்டு ரஜாய் (பஞ்சு வைத்த கனத்த போர்வை), அவ்வளவுதான், தூங்கிவிட்டோம்.

இரண்டாம் நாள்தான் சண்டை. எங்கள் திட்டப்படி அன்றைக்கே சந்தக்பூ போயாக வேண்டும், 19 கிலோமீட்டர். அப்படிப் போனால் டார்ஜிலிங்கில் சுற்ற ஒரு நாள் மிஞ்சும். காலையில் ஜௌபாரி வழியாகக் கைரிபாஸுக்கு இறங்கினோம். அங்கே இறங்குவது வயிற்றெரிச்சல், 350 மீட்டரை இழந்துவிட்டு அதையே மறுபடி ஏற வேண்டும். காலிபோக்ரி போய்ச் சேர்ந்தபோது மதியம் தாண்டிவிட்டது. காலி என்றால் கறுப்பு, போக்ரி என்பது நம் புஷ்கரணிக்குச் சொந்தக்காரச் சொல், பெயருக்கேற்ற கறுத்த குளம், சுற்றிலும் பிரார்த்தனைக் கொடிகள். இன்னும் 6 கிலோமீட்டர்தானே, கிளம்பலாம் என்றேன். நண்பன் ஒன்றும் சொல்லாமல் தேநீரைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு இருந்தான். தாய் அவனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தலை வலிக்கிறதா என்று இந்தியில் கேட்டார். இல்லை என்றான். காலையில் எவ்வளவு சாப்பிட்டாய், எத்தனை தடவை சிறுநீர் போனாய் என்று அடுத்தடுத்து கேட்டார். பிறகு தன் பையைக் கழற்றிச் சுவரோரம் வைத்தார். அன்றைய நடை முடிந்தது என்பதை அவர் அறிவித்த விதம் அது.

எனக்குக் கோபம். திட்டம், ரயில் டிக்கெட், டார்ஜிலிங் எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னேன். அவர் வாதாடவே இல்லை. காலிபோக்ரி 3,186 மீட்டர், சந்தக்பூ 3,636. டும்லிங்கில் தூங்கி எழுந்தவன் அடுத்த ராத்திரி சந்தக்பூவில் படுத்தால் ஒரே நாளில் 660 மீட்டருக்கு மேல் ஏறியதாக ஆகிறது. 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு படுக்கும் இடத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக் கூடாது என்பது மலை மருத்துவத்தின் பொதுவான அறிவுரை, நானே படித்ததுதான், படித்துவிட்டு நமக்கு இது பொருந்தாது என்று ஒதுக்கியதும் நானேதான். நல்ல உடம்புக்காரனுக்கு உயரத்தால் வரும் மலைநோய் வராது என்பதெல்லாம் கிடையாது, ஜிம்முக்குப் போகிறவன் என் நண்பன்தான், நான் இல்லை. ராத்திரி எட்டு மணிக்கு அவன் வாந்தி எடுத்தான். தாய் மறுபடி மறுபடி வந்து பார்த்தார், காலையிலும் இப்படியே இருந்தால் மேலே கிடையாது, கீழேதான் என்றார். நல்லவேளை, விடிந்தபோது தலைவலி போயிருந்தது, இரண்டு முட்டை சாப்பிட்டான்.

சந்தக்பூவுக்குக் கடைசி 4 கிலோமீட்டர், பிகேபஞ்சாங்கிலிருந்து, செங்குத்து என்றே சொல்லலாம். பிக் என்றால் விஷம், இந்தப் பக்கம் வளரும் நாபிச் செடியை வைத்து வந்த பெயர். நாங்கள் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறும்போது 1950-களின் பழைய லேண்ட் ரோவர் ஒன்று பற்களைக் கடித்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனது, உள்ளே போர்வை போர்த்திய குடும்பம் ஒன்று கையசைத்தது. பொறாமையாக இருந்தது, மறைப்பானேன். மேற்கு வங்கத்தின் மிக உயரமான இடம், மதியம் பன்னிரண்டு மணி, கண்ணுக்குத் தெரிந்தது மூடுபனி மட்டும்.

மறுநாள் நாலரை மணிக்குத் தாய் கதவைத் தட்டினார். வாளித் தண்ணீர் மேல் கண்ணாடி மாதிரி பனி படிந்திருந்தது. வெளியே வந்தால் வடக்கே ஒருவர் மல்லாந்து படுத்திருக்கிறார். அந்தப் பனிமலை வரிசையைத் தூங்கும் புத்தர் என்கிறார்கள், நான் புகைப்படங்களில் பார்த்து, கொஞ்சம் இழுத்துக் கட்டிய கற்பனை என்று நினைத்திருந்தேன். இல்லை, நிஜமாகவே நெற்றி, மூக்கு, தாடை, வயிறு, கால்விரல். முகமாக இருக்கும் சிகரத்தின் பெயர் கும்பகர்ணன், 7,710 மீட்டர். தூங்குகிறவர் முகத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயரை யாரால் வைக்க முடியும்! 8,586 மீட்டர் காஞ்சன்ஜங்கா வயிற்றுப் பகுதி, செம்மை முதலில் அங்கேதான் ஏறியது. இடது பக்கம் தூரத்தில் எவரெஸ்ட், லோட்சே, மகாலு. மகாலு கிட்ட இருப்பதால் பெரிதாகத் தெரிகிறது. நான் அரைமணி நேரம் மகாலுவைத்தான் எவரெஸ்ட் என்று நினைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன், தாய் என் தோளைப் பிடித்துக் கொஞ்சம் இடது பக்கம் திருப்பிவிட்டார்.

அன்றைக்கு ஃபாலுட், 21 கிலோமீட்டர். நீளம்தான், ஆனால் மேடுபள்ளம் குறைவு. முழுக்க மலை முகட்டில் நடை, காஞ்சன்ஜங்கா நாள் முழுக்கக் கூடவே வருகிறது. சபர்கிராமில் நூடுல்ஸ். தண்ணீர் வழியில் கிடைக்கும் என்று நம்பாதீர்கள், கிளம்பும்போதே நிரப்பிக்கொள்ளுங்கள். ஃபாலுட்டில் காற்று மட்டும்தான் இருக்கிறது, கூரைத்தகரம் ராத்திரி முழுக்கப் பேசிக்கொண்டே இருந்தது.

ஏற்றம் மூச்சைத்தான் வாங்கும், இறக்கம்தான் காலை வாங்கும். ஃபாலுட்டிலிருந்து கோர்க்கேவுக்கு 15 கிலோமீட்டரில் ஏறத்தாழ 1,300 மீட்டர் இறங்க வேண்டும், மூங்கிலும் ஈரமான வேரும் நிறைந்த காட்டுப்பாதை. கிளம்பும் முன் தாய் எங்களை உட்காரவைத்து, ஷூ நாடாவைக் கணுக்கால் பக்கம் இறுக்கிக் கட்டச் சொன்னார், கால் முன்னால் சறுக்கி விரல் ஷூவில் முட்டாமல் இருக்க. நண்பன் கட்டினான். நான் வலது காலைக் கட்டினேன், இடது கால் முடிச்சு நன்றாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிட்டேன். இரண்டு மணி நேரத்தில் புரிந்துவிட்டது, ஆனால் அதற்குள் நகத்தின் வேலை முடிந்திருந்தது. ஏறும்போது நான் நச்சரித்த 'சீக்கிரம்' போய், இப்போது நானே எனக்குப் பிஸ்தாரை சொல்லிக்கொண்டு, கம்பை ஊன்றிப் பக்கவாட்டில் இறங்கினேன். கோர்க்கே அழகான ஊர், ஓடைக்கு அந்தப் பக்கம் சிக்கிம். சாயங்காலம் முழுக்கக் காலை ஓடையில் போட்டு உட்கார்ந்திருந்தேன், எலும்பு வரைக்கும் குளிர்ந்தது.

ஆறாம் நாள் ஸ்ரீகோலாவில் நடை முடிந்து ரிம்பிக் போக ஜீப் பிடித்தோம். டார்ஜிலிங் நாள் போனது போனதுதான். கூலியோடு தனியாகக் கொஞ்சம் பணமும் தாய்க்குக் கொடுத்தோம், எண்ணிப் பார்க்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இரண்டு நாள் கழித்து இன்னொரு குழுவோடு மறுபடி ஏறப் போவதாகச் சொன்னார். அப்புறம் என் இடது காலைப் பார்த்தார். ஷூவைக் கழற்றச் சொல்லி நகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒரு மாதம்" என்றார்.

இன்றோடு இருபத்தாறு நாள். லேசாக ஆடுகிறது.