சுவரைக் கட்டியவரே இடித்த கதை

மூன்றாவது புத்தகத்தில்தான் ஆரம்பித்தேன். அது மூன்றாவது என்றே அப்போது தெரியாது. அட்டை போய், முதல் சில பக்கங்களும் போய்விட்ட ஒரு பழைய பிரதி. எழுதியவர் பெயர்கூட உள்ளே பக்கத்தின் தலையில் சின்ன எழுத்தில் இருந்ததால்தான் தெரிந்தது: உர்சுலா லெ குவின். வயதான மந்திரவாதி ஒருவரும் இளவரசன் ஒருவனும் படகில் போய்க்கொண்டே இருக்கிறார்கள். உலகத்தில் மந்திரம் வற்றிக்கொண்டே வருகிறது. பாதிப் புத்தகம் வரை எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஆனாலும் கீழே வைக்க முடியவில்லை.

கடைசியில் அந்த இருவரும் ஒரு குட்டையான கல் சுவரைத் தாண்டி இறந்தவர்களின் நாட்டுக்குள் இறங்குகிறார்கள். அங்கே நெருப்பு இல்லை, கூச்சல் இல்லை, தண்டனை இல்லை. ஒரு தாயும் குழந்தையும், ஒன்றாக இறந்தவர்கள், பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். குழந்தை ஓடவும் இல்லை, அழவும் இல்லை. தாய் அதைத் தூக்கவும் இல்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. காதலுக்காக உயிரை விட்டவர்கள் தெருவில் ஒருவரையொருவர் கடந்து போகிறார்கள், அவ்வளவுதான். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அன்றைக்கு விளக்கை அணைக்காமல்தான் தூங்கினேன்.

அந்தச் சுவரைப் பற்றித்தான் இதை எழுத உட்கார்ந்தேன். போன வருடம் எர்த்ஸீ (அந்தக் கதை நடக்கும், லெ குவின் கற்பனையில் உருவான தீவுகளின் உலகம்) கதைகள் முழுவதையும், நாவல்கள், சிறுகதைகள், எல்லாவற்றையும் வெளியான வரிசையிலேயே படித்துவிடுவது என்று முடிவு செய்தேன். பதினோரு மாதம் ஆயிற்று. கதை நடக்கும் கால வரிசையில் படிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். இந்த எழுத்தாளரிடம் பார்க்க வேண்டிய விஷயமே, தான் கட்டிய வீட்டுக்குள் அவர் திரும்பத் திரும்ப வந்து எதை மாற்றுகிறார் என்பதுதான். கால வரிசையில் அடுக்கினால் அது கண்ணிலேயே படாது.

ஆரம்பம் நாவல் இல்லை, 1964-இல் 'ஃபென்டாஸ்டிக்' பத்திரிகையில் வந்த இரண்டு சிறுகதைகள். முதலாவது 'தி வேர்ட் ஆஃப் அன்பைண்டிங்'. ஃபெஸ்டின் என்ற மந்திரவாதி ஒரு கொடியவனிடம் சிறைப்பட்டு, தப்பிக்க உருமாறி உருமாறித் தோற்கிறான். இதில் டிரோல்கள் (மேல்நாட்டுக் கதைகளில் வரும் பூதங்கள்) எல்லாம் வருகின்றன! பின்னால் வரும் எர்த்ஸீயில் டிரோல் என்ற பேச்சே கிடையாது. எப்போதோ அந்த இனம் அழிந்துபோயிற்று என்று அவரே பிறகு ஒரு முன்னுரையில் கிண்டலாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். கதையாகப் பார்த்தால் சுமார்தான். ஆனால் முடிவில் ஃபெஸ்டின் ஒரு நீண்ட மலைச்சரிவில், வேறு நட்சத்திரங்களுக்குக் கீழே, இறந்தவர்களின் பக்கம் இறங்கிப் போகிறான். அந்த நாடு இங்கேயே வந்துவிட்டது. நான் நோட்டில் பெரிதாக 'சரிவு!' என்று எழுதி அடிக்கோடிட்டேன்.

இரண்டாவது 'தி ரூல் ஆஃப் நேம்ஸ்'. இது சிரிப்புக் கதை. ஒரு சின்னத் தீவில் மரு போக்கும் மந்திரம்கூட ஒழுங்காக வராத ஒரு குண்டு மந்திரவாதி. ஊர்ப் பள்ளிக்கூடத்து டீச்சர் பிள்ளைகளுக்குப் பெயர் விதியைச் சொல்லித் தருகிறாள்: அடுத்தவரின் உண்மைப் பெயரைக் கேட்கக் கூடாது, உன்னுடையதைச் சொல்லவும் கூடாது. அந்த டீச்சரின் பெயர் பழனி. சத்தியமாக! கலிபோர்னியாவில் பிறந்த ஒருவர் எங்கிருந்து பிடித்தாரோ, அந்தப் பக்கத்தை நான் எப்போது திறந்தாலும் ஒரு நமட்டுச் சிரிப்போடுதான் திறக்கிறேன். முடிவைச் சொல்ல மாட்டேன். ஒருவனின் உண்மைப் பெயரைத் தெரிந்துகொண்டால் அவன் நம் கைக்குள் என்று நினைப்பவனுக்கு என்ன ஆகும் என்பதுதான் கதை.

நான்கு வருடம் கழித்து, 1968-இல் 'எ விசர்ட் ஆஃப் எர்த்ஸீ'. வளரிளம் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று ஒரு சின்னப் பதிப்பகம் கேட்டதற்காக எழுதியது. முதலில் தீவுகளின் வரைபடத்தை வரைந்துவிட்டு, அதற்கப்புறம்தான் கதைக்குள் போயிருக்கிறார். அதனால்தானோ என்னவோ, கதாநாயகன் கெட் (என் மூன்றாவது புத்தகத்து வயதான மந்திரவாதியேதான், இங்கே இளைஞன்) படகில் போகும்போது காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்பதுகூட நமக்குத் தெரிகிறது. கெட்டின் தோல் செம்பழுப்பு, அவன் நண்பன் வெட்ச் கறுப்பு, வெள்ளைத் தோல்காரர்கள்தான் கிழக்கிலிருந்து கொள்ளையடிக்க வருபவர்கள். இதை அவர் எங்கேயும் அறிவிப்பதில்லை, போகிற போக்கில் ஒரு வரி. முதல் தடவை படித்தபோது நானே கவனிக்காமல் தாண்டிவிட்டேன் என்பதை வெட்கத்தோடு ஒத்துக்கொள்கிறேன். 2004-இல் வந்த தொலைக்காட்சித் தொடர் கெட்டை வெள்ளைக்காரன் ஆக்கியபோது அவர் சும்மா இருக்கவில்லை, கோபமாகவே ஒரு கட்டுரை எழுதினார்.

இந்த நாவலை மட்டும் நான் தனியாகப் படிக்கவில்லை. அக்கா மகளுக்குப் பன்னிரண்டு வயது. தினம் இரவு ஃபோனில் அவளுக்கு ஒரு அத்தியாயம், ஆங்கிலத்தைப் பார்த்துத் தமிழில் சொல்லிக்கொண்டே போவேன். ஒட்டாக் என்று ஒரு சின்னப் பிராணி வரும். கெட்டின் தோளில், தலைத்துணிக்குள் தொற்றிக்கொண்டே திரியும். அதற்குத் தமிழில் என்ன சொல்வது? அணில் என்றால் பல் கூர்மை போய்விடுகிறது, கீரி என்றால் செல்லம் போய்விடுகிறது. கடைசியில் ஒட்டாக் என்றே வைத்துக்கொண்டோம்.

நடுவில் ஓர் இடம். சாகக் கிடக்கும் குழந்தையைக் காப்பாற்ற கெட் அதன் உயிருக்குப் பின்னாலேயே ஓடி, அந்தக் கல் சுவரையும் தாண்டிவிடுகிறான். ரொம்ப தூரம் போய்விட்டான். ஒருவழியாகச் சுவரை ஏறி இந்தப் பக்கம் விழுகிறான், ஆனால் உடம்புக்குள் நினைவு திரும்பவில்லை. யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. அப்போது இந்த ஒட்டாக் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவனை நக்கிக் கொடுக்கிறது. மந்திரம் இல்லை, ஒன்றும் இல்லை. அடிபட்ட துணையை மிருகம் நக்கும் அல்லவா, அதேதான். கெட் எழுந்துகொள்கிறான்.

"சித்தி, அவ்ளோ மந்திரம் படிச்சவங்களால முடியல, அது நாக்கால எழுப்பிடுச்சா?" என்றாள்.

ஆமாம் என்றேன். அதற்கு இரண்டு அத்தியாயம் தள்ளி ஒட்டாக் செத்துக் கிடக்கும். அதை எப்படிச் சொல்வது என்று ஒரு நாள் முழுக்க யோசித்து, 'இன்னைக்குத் தொண்டை சரியில்லை' என்று பொய் சொல்லி ஒரு இரவைத் தள்ளிப்போட்டேன். மறுநாள் சொன்னபோது அவள் ஒன்றும் பேசாமல் ஃபோனை வைத்துவிட்டாள்.

1971-இல் இரண்டாவது, 'தி டூம்ஸ் ஆஃப் அட்டுவான்'. இருட்டு, சுரங்கப் பாதை, பெயர் பறிக்கப்பட்ட ஒரு பூசாரிச் சிறுமி. நன்றாக இருக்கிறது, இதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. 1972-இல் என்னுடைய அட்டையில்லாத மூன்றாவது, 'தி ஃபார்தஸ்ட் ஷோர்'. அத்தோடு முத்தொகுப்பு முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள்.

பதினெட்டு வருடம் போயிற்று. 1990-இல் 'தெஹானு'. இதைத்தான் இருபத்திரண்டு வயதில் ஐம்பது பக்கம்கூடத் தாண்டாமல் தூக்கிப் போட்டேன். பின்னே? எனக்கு டிராகன் வேண்டும், கடல் வேண்டும். இதிலோ முன்பு பூசாரியாக இருந்த தெனார் நடுவயது விதவை. ஆடு, பீச் மரம், துவைக்க வேண்டிய துணி. பெற்றவர்களே நெருப்பில் தள்ளிவிட்ட ஒரு குழந்தையை எடுத்து வளர்க்கிறாள். கெட் சக்தி எல்லாம் போய் வந்து நிற்கிறான், ஆடு மேய்க்கப் போகிறான். உலகத்தின் மகா மந்திரவாதி!

இந்தத் தடவை படித்தபோது எனக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. தெனாரின் மகன் கடலிலிருந்து வீடு திரும்பும் இடம் வந்தது. சாப்பிட்ட தட்டை எடுத்து வைக்கச் சொன்னால், அது பெண்கள் வேலை என்கிறான். அவள் சத்தம் போடவில்லை. இவனை இப்படி வளர்த்தது நான்தானே என்று நினைக்கிறாள். புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போய்க் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். முதல் நாவலில் 'பெண்களின் மந்திரம்போல் பலவீனமானது' என்று ஒரு பழமொழியை ஊர்ப் பேச்சாகப் போட்டிருப்பார். அதை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள், எழுதியவரும்தான். 'தெஹானு' முழுக்க அந்தப் பழமொழியைக் கையில் வைத்துக்கொண்டு 'இதை யார் சொன்னது, ஏன் சொன்னது' என்று விசாரிக்கிறார். பழைய புத்தகத்தில் ஒரு வரியைக்கூட அழிக்கவில்லை. அது அப்படியே இருக்கிறது. பக்கத்தில் இது வந்து உட்கார்ந்துகொண்டது.

இவரிடம் இது வழக்கம்தான். 'விண்டர்ஸ் கிங்' என்று ஒரு சிறுகதை, 1969. ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை என்ற மனிதர்கள் வாழும் கிரகம். முதலில் எல்லோருக்கும் 'அவன்' போட்டிருந்தார். 1975 தொகுப்பில் அதே கதையில் எல்லோரையும் 'அவள்' ஆக்கினார், ஆனால் 'ராஜா' என்ற சொல்லை மாற்றாமல் விட்டார். 'ராஜா வந்தாள்' என்று மனதுக்குள் சொல்லிப் பாருங்கள், எப்படி இடறுகிறது! தமிழில் யாராவது பெயர்த்தால் சட்டென்று 'அவர்' போட்டுத் தப்பித்துவிடுவார்கள். நமக்கு அந்த வசதி இருக்கிறது. ஆனால் 'அவர்' போட்டால் மரியாதை வந்துவிடும், இடறல் போய்விடும். அந்த இடறல்தானே கதை? நான் இரண்டு பக்கம் மொழிபெயர்த்துப் பார்த்துவிட்டுக் கிழித்துப் போட்டேன்.

சரி, எர்த்ஸீக்கு வருகிறேன். 2001-இல் 'டேல்ஸ் ஃப்ரம் எர்த்ஸீ', ஐந்து கதைகள். இதில் 'தி ஃபைண்டர்' பெரிய கதை, குறுநாவல் என்றே சொல்லலாம். கெட் படித்த, பெண்களை உள்ளேயே விடாத ரோக் மந்திரப் பள்ளியைத் தொடங்கியவர்களில் பெண்களும் இருந்தார்கள் என்று அதில் போட்டு உடைக்கிறார். 'டிராகன்ஃபிளை'யில் ஒரு பெண் நேராகப் போய் அந்தப் பள்ளிக் கதவையே தட்டுகிறாள். எனக்குப் பிடித்தது இவை இரண்டும் இல்லை, 'ஆன் தி ஹை மார்ஷ்'. சதுப்பு மேட்டில் மாடுகளுக்கு நோய். எங்கிருந்தோ வந்த ஒருவன், கொஞ்சம் புத்தி கலங்கியவன்போல், ஒரு விதவையின் வீட்டுத் திண்ணையோரமாக வந்து நிற்கிறான். அவள் அவனை யார் என்றுகூடக் கேட்காமல் உள்ளே கூப்பிடுகிறாள். அவன் மாடுகளைத் தொட்டுக் குணப்படுத்துகிறான். முன்பு அவன் செய்த பெரிய தப்பு பின்னால் தெரியவருகிறது, அப்போதும் அவள் மாறவில்லை. போர் இல்லை, சபதம் இல்லை. அடுப்பு, மாடு, மழை. நாற்பது பக்க அளவில் இவ்வளவு அமைதியாக ஒரு மிகுபுனைவுக் கதையை நான் வேறெங்கும் படித்ததில்லை.

அதே வருடம் கடைசி நாவல், 'தி அதர் விண்ட்'. உடைந்த பானைகளை ஒட்டுகிற சாதாரண மந்திரக்காரன் ஒருவன், ஆல்டர். தினமும் கனவில் அந்தக் கல் சுவர். இறந்துபோன மனைவி சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவனைத் தொடுகிறாள். பிறகு மற்றவர்களும் கூட்டமாக வந்து, எங்களை விடுவி என்று கை நீட்டுகிறார்கள். தூங்கும்போது ஒரு பூனைக்குட்டி பக்கத்தில் இருந்தால் மட்டும் அந்தக் கனவு வருவதில்லை. (ஒட்டாக்கை நினைத்துக்கொண்டேன்.) இங்கேதான் கேள்வியே வருகிறது: அந்தச் சுவரை யார் கட்டியது? சாவு அப்படித்தான் இருக்கும் என்று யார் சொன்னது? பதிலை நான் எழுதவில்லை. கடைசியில் ஆல்டர் வெறும் கையால் கல்லைப் பிடித்து இழுக்கிறான், ஒவ்வொன்றாக. இருபத்திரண்டு வயதில் என்னை விளக்கை அணைக்கவிடாமல் செய்த அந்தச் சுவர் விழுகிறது. இப்போதும் அழுதேன், ஆனால் அது வேறு அழுகை.

அப்புறம் கடைசியாக ஒரு குட்டிக் கதை. 'ஃபயர்லைட்'. 2018 ஜனவரியில் அவர் இறந்தார், கதை அந்த வருடக் கோடையில் வெளிவந்தது. கெட் படுக்கையில் கிடக்கிறான். தெனார் பக்கத்தில் இருக்கிறாள். அடுப்பு வெளிச்சம், பழைய நினைவுகள், பழைய படகு. ஐந்தாறு பக்கம் இருக்கும். மூன்று நாள் அதைத் திறக்காமல் வைத்திருந்து, நான்காம் நாள் ஒரே மூச்சில் படித்தேன்.

அக்கா மகள் இப்போது தானே ஆங்கிலத்தில் படிக்கிறாள். ஒட்டாக் விஷயத்தில் என்மேல் இன்னும் கொஞ்சம் கோபம். மூன்றாவது முடித்துவிட்டாள். "தெஹானு இப்ப வேணாம், பத்து வருஷம் போகட்டும், உனக்குப் பிடிக்காது" என்றேன். போன வாரம் வந்து போனாள். அலமாரியில் நாலாவது இருந்த இடம் காலியாக இருக்கிறது.