பிரைவேட் கீ எங்கே இருக்கும்? செக்யூரிட்டி பிளஸ் படிப்பவர்களுக்கு

கணினிப் பாதுகாப்புக்கான செக்யூரிட்டி பிளஸ் தேர்வில் 90 நிமிடத்துக்கு அதிகபட்சம் 90 கேள்விகள். பிகேஐ (கீ ஜோடியும் சர்ட்டிபிகேட்டும் வைத்து அடையாளத்தை உறுதி செய்யும் ஏற்பாடு) பகுதிக்குத் தயாராகும் பலரும் சறுக்குவது ஒரே இடத்தில்தான். நாகர்கோவிலில் என்னோடு படித்த தம்பி ஒருவன் கேட்டான்: "அண்ணே, சர்ட்டிபிகேட் மெயில்ல வந்துட்டு, பிரைவேட் கீய எப்ப அனுப்புவாங்க?"

"அவங்ககிட்ட இருந்தாத்தானே மக்கா அனுப்ப!"

கீ ஜோடி (எல்லோருக்கும் தரும் பப்ளிக் கீ, ரகசியமாக வைக்கும் பிரைவேட் கீ) உருவாவது பொதுவாக விண்ணப்பிக்கும் கணினியிலேயே. சர்ட்டிபிகேட் கேட்டு அனுப்பும் விண்ணப்பமான சிஎஸ்ஆரில் பப்ளிக் கீ, பெயர் விவரம், பிரைவேட் கீயால் போட்ட கையொப்பம் ஆகியவை மட்டும் சர்ட்டிபிகேட் வழங்கும் அமைப்பான சிஏவுக்குப் போகும். அதனால் கேள்வி எவ்வளவு நீளமாக இருந்தாலும், சிஎஸ்ஆர் எங்கே உருவானது என்று முதலில் தேடுங்கள்.

மனப்பாடம் வேண்டாம், ஒரு விர்ச்சுவல் மெஷினில் செய்து பாருங்கள். லினக்ஸில் சுலபம்: கீ உருவாக்கும் ஓபன்எஸ்எஸ்எல் மென்பொருளின் கட்டளையில் நீங்கள் சொன்ன இடத்தில் கீ தனிக் கோப்பாக வந்து நிற்கும். விண்டோஸ்தான் ஒளித்து வைக்கும். காத்திருக்கும் விண்ணப்பம் சர்ட்டிபிகேட் கன்சோலில் 'சர்ட்டிபிகேட் என்ரோல்மென்ட் ரிக்வெஸ்ட்ஸ்' என்ற இடத்தில் தெரியும். கணினிக்கான ஆர்எஸ்ஏ கீயோ, பழைய முறையில், புரோகிராம்டேட்டாவுக்குள் மைக்ரோசாஃப்ட், கிரிப்டோ, ஆர்எஸ்ஏ, மெஷின்கீஸ் என்று போனால், வாயில் நுழையாத நீளப் பெயரில் கிடக்கும். என்கிரிப்ட் செய்த கோப்பு. திறந்து பார்த்தும் பயனில்லை.

சிஏ தந்த சர்ட்டிபிகேட்டை அதே கணினியில் சேர்த்தால் ஐகானில் குட்டிச் சாவி தெரியும். வேறு கணினியில் சேர்த்துப் பாருங்கள், சாவி இருக்காது. இடம் மாற்ற வேண்டுமானால் கீயையும் சேர்த்து பிஎஃப்எக்ஸ் கோப்பாக எடுக்க வேண்டும். அதற்கு, கீ உருவாக்கும்போதே எக்ஸ்போர்ட் அனுமதி கொடுத்திருக்க வேண்டும்.

ஹார்டுவேர் கேள்விகளுக்கு நம்மூர் ஆடிட்டர் ஆபீசே போதும். மேசை டிராயரில் கம்பெனி பெயர் ஒட்டிய டிஎஸ்சி (டிஜிட்டல் கையொப்பச் சர்ட்டிபிகேட்) டோக்கன்கள் கொத்தாகக் கிடக்கும். அவற்றில் கீ சிப்புக்குள்ளேயே உருவாகிறது, நகல் எடுக்க முடியாது. டோக்கன் தொலைந்தால் புது டிஎஸ்சிதான். (டோக்கன் எல்லாம் ஒரே டிராயரில் கிடப்பது சரியா என்பது வேறு கதை.) எச்எஸ்எம் (கீகளைப் பாதுகாக்கும் தனிக் கருவி) பற்றிய கேள்விக்கும் இதே தர்க்கம் பொருந்தும்.

'கீ எஸ்க்ரோ' என்ற சொல் வந்தால் மட்டும் நின்று படியுங்கள். அங்கே பிரைவேட் கீயின் நகல் நம்பகமான வேறொருவரிடம் இருக்கும். அதுவும் என்கிரிப்ஷன் கீக்குத்தான் வழக்கம். கையொப்பக் கீயை அப்படிக் கொடுத்து வைப்பதில்லை.