அம்மாவின் தொட்டிச்செடி

அமெரிக்க நாடக ஆசிரியர் லொரெய்ன் ஹான்ஸ்பெரியின் 'எ ரைசின் இன் தி சன்' நாடகத்தை மறுபடி வாசித்தேன். 1959இல் நியூயார்க்கின் பிராட்வேயில் மேடையேறியது. சிகாகோவின் தென்பகுதியில் ஒரு கறுப்பினக் குடும்பம், இடம் போதாத ஒரு வீடு, இறந்துபோன அப்பாவின் காப்பீட்டுப் பணம் 10,000 டாலர், ஆளுக்கொரு கனவு.

பணத்தைத் தொலைக்கும் மகன் வால்டர் மேல் பலருக்கும் கோபம் வரும். முதல் வாசிப்பில் எனக்கும் அப்படித்தான். இந்த முறை, தன் சின்ன மகன் பார்த்துக்கொண்டிருக்க, அம்மா வீடு வாங்கியிருந்த வெள்ளையர் பகுதியிலிருந்து "வராதீர்கள்" என்று நீட்டிய பணத்தை அவன் மறுக்கும் இடத்தில் அழுதுவிட்டேன். ஹான்ஸ்பெரியின் சொந்தக் குடும்பமே அப்படியொரு பகுதியில் வீடு வாங்கி, உச்ச நீதிமன்றம் வரை போராடியது.

அப்புறம் அந்தச் செடி! வெயில் சரியாக எட்டாத ஜன்னலோரம் அம்மா லீனா காப்பாற்றி வந்தது. எல்லோரும் கிளம்பிய பிறகு, திரும்பி வந்து அதை எடுத்துக்கொண்டு போகிறாள்.