பண்ருட்டி முந்திரித் தோப்பில் நரி பார்த்த காலை

முதலில் அந்த ஆட்டோவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. பண்ருட்டி பஸ் ஸ்டாண்டிலிருந்து நண்பரின் முந்திரித் தோப்புக்கு ஊர்க்காரர்கள் 150 ரூபாய் கொடுத்துப் போகிறார்கள். கேமரா பையைப் பார்த்ததும் என்னிடம் 400. போராடி 300-க்கு ஏறினால் உள்ளே ஊதுபத்திப் புகை, மல்லிகை சென்ட் வேறு. நரியைப் படம் எடுக்கப் போகிறவனுக்கு இதைவிடக் கேடு வேண்டாம்.

நல்லவேளை, மறைவில் உட்காரும்போது போடுகிற உடுப்பைப் பூந்திக்கொட்டையில் அலசி, வெயிலில் காயவைத்து, தனிப் பையில் இறுகக் கட்டியிருந்தேன். தலைக்கு எண்ணெய் கிடையாது, பவுடர் கிடையாது, ராத்திரி கொசுவர்த்தியும் கிடையாது. நண்பரின் அம்மா கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தார். "ஒரு வாய் சாப்பிடு தம்பி, நரி உன் வாயையா மோந்து பாக்கப் போவுது?" என்றார். "நாளைக்கு மத்தியானம் சாப்பிடறேம்மா" என்று தயிர்ச்சோற்றோடு எழுந்தேன்.

அமெரிக்காவில் தரையில் கூடாரம் போட்டு மான் வேட்டையாடுகிறவர்களுக்கென்று வாடை நீக்கும் ஸ்பிரே, கரி சேர்த்த உடுப்பு எல்லாம் விற்கிறார்கள். இங்கே 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுக்கிறது; நமக்குக் கேமராதான். ஆனால் நரியின் மூக்குக்குத் துப்பாக்கியும் கேமராவும் ஒன்றுதான். அந்த ஸ்பிரேக்குக் காசை வீணாக்காதீர்கள். நாம் விடுகிற மூச்சிலேயே வாடை போகிறது, அதை எதைத் தெளித்து மறைப்பது? காற்று பார்த்து உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

இந்தக் கடலோரத்தில் அது அற்புதமாக அமைகிறது. கோடையில் விடியற்காலை காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து கடலைப் பார்த்து வீசும். நரி வருகிற தடத்துக்குக் கிழக்கே உட்கார்ந்தால் நம் வாடை நமக்குப் பின்னால் போய்விடும். சூரியனும் முதுகுக்குப் பின்னால், வெளிச்சம் நரி மேல்! மத்தியானத்துக்கு மேல் கடற்காற்று கிழக்கிலிருந்து வரும், அப்போது மேற்கே மாறிக்கொள்ளலாம். சாயங்கால வெயிலும் அந்தப் பக்கம்தானே!

புதுத் துணி வாடை போகட்டும் என்று கூடாரத்தை நண்பர் முன்கூட்டியே நட்டு வைத்திருந்தார். பின்பக்க ஜன்னலை மூடி, முன்னால் லென்ஸ் நுழைகிற அளவு மட்டும் திறந்துகொண்டேன். எதிரெதிரே இரண்டையும் திறந்தால் காற்று சற்றுத் திரும்பினாலும் உள்ளே இருக்கிற வாடையை அள்ளிக்கொண்டு போய்த் தடத்தில் கொட்டும். கையில் இலவம் பஞ்சு. ஒரு இழையைப் பறக்கவிட்டால் காற்றின் போக்கு தெரியும்.

வந்தன, இரண்டு! சருகை மோந்துகொண்டே நிதானமாக, கூடாரம் இருப்பதே தெரியாதது மாதிரி. படம் படமாக எடுத்துத் தள்ளினேன். அப்புறம் காற்று நின்றது, பஞ்சு அங்கேயே சுழன்றது. பெரிய நரி தலையைத் தூக்கி நேராக என்னைப் பார்த்தது. அடுத்த நொடி இரண்டும் ஓடைக்குள் மறைந்தன. நான் அசையவே இல்லை. வாடைதான் காட்டிக்கொடுத்தது.

மத்தியானம் கருவாட்டுக் குழம்போடு பச்சை முந்திரிப்பருப்புப் பொரியலும் போட்டார் அம்மா. அந்த முந்திரியின் பால் ருசி கடையில் வாங்குகிற பருப்பில் வரவே வராது. மூன்று தடவை சோறு வாங்கினேன்.

திரும்பும்போதுதான் தெரிந்தது, தோப்பு முனையிலேயே டவுன் பஸ் நிற்கிறது. போகிறவர்கள் அதிலேயே போங்கள், மிச்சமாகிற காசுக்கு முந்திரி வாங்கலாம்.