பிளாக் லோகஸ்ட் வில்: பட்டறைக் குறிப்புகள்

மார்ச் 3, 2024

வில் செய்ய எடுத்தது பிளாக் லோகஸ்ட், அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பக்கத்து மரம். 72 அங்குல நீளம். 8 அங்குல விட்டத்துக் கட்டையை ஆப்பு இறக்கி நாலாகப் பிளந்ததில் ஒன்று. பிளந்தால்தான் ரேகை எங்கே திரும்புகிறது என்று தெரியும். ரம்பம் அதை மறைத்துவிடும். வில்லுக்குப் பேர்போன யூ, ஓசேஜ் ஆரஞ்சு மரங்களைத் தேடி எல்லோரும் அலைய, இந்த மரம் வேலிக்காலாகவே போய்விடுகிறது, மண்ணில் எளிதில் மக்காது என்பதால். மரம் அதுதானா என்ற சந்தேகம் வந்தால் புற ஊதா விளக்கைக் காட்டலாம். வைரப்பகுதி (நடுவிலுள்ள கெட்டி மரம்) மஞ்சள் கலந்த பச்சையாக ஒளிரும்.

வில்லை வளைக்கும்போது முதுகு (எய்பவருக்கு எதிர்ப்பக்கம்) இழுபடும், வயிறு (எய்பவரைப் பார்த்த பக்கம்) நெரிபடும். லோகஸ்ட் இழுவையை நன்றாகத் தாங்கும்; நெரிசலில்தான் தோற்கும். அளவுகள் எல்லாம் வயிற்றைக் காப்பாற்றவே.

மார்ச் 9

பட்டை, அதன் அடியிலுள்ள வெளிறு மரம் இரண்டையும் சீவி, வைரத்தில் ஒரே ஒரு ஆண்டு வளையத்தை நுனி முதல் நுனிவரை முதுகாக வைக்க வேண்டும். இரண்டு கையாலும் இழுக்கும் சீவுகத்தி போதும். காது உதவும்: வசந்தகாலத்து நுண்துளை அடுக்கில் கத்தி மொறமொறவென்று ஓடும், தூள் உதிரும், அதற்கு அடியில் கெட்டியான அடுக்கு வந்ததும் ஓசை அடங்கி, சுருள் நீளமாக வரும். அங்கே நிறுத்து. மிச்சமிருக்கும் துளை அடுக்கைச் சுரண்டியால் எடுப்பதே பத்திரம். கணுவைச் சுற்றி வளையம் மேடேறும். அந்த மேட்டை மட்டம் தட்டினால் வளையம் அறுந்து, சிராம்பு அங்கேதான் கிளம்பும். வண்டு துளைத்த ஓட்டை முதுகில் இருந்தால் அதற்குக் கீழே உள்ள வளையத்துக்கு இறங்க வேண்டும்.

சீவி முடித்த கையோடு முதுகுக்கும் இரு முனைக்கும் ஷெல்லாக் (அரக்குப் பூச்சு). திறந்து விட்டால் வெடிக்கும். முகமூடி கட்டாயம், தூள் மூக்கை அரிக்கும்.

மார்ச் 10

இலக்கு: நாணை 28 அங்குலம் இழுக்க 50 பவுண்டு விசை. நுனிகளில் நாண் மாட்டும் பள்ளத்துக்குப் பள்ளம் 66 அங்குலம். பிடி 4 அங்குல நீளம், 1¼ அகலம், 1½ கனம் (தடிமன்). இருபுறமும் 2 அங்குலத்தில் சரிந்து இறங்கும். கைகள் (பிடிக்கு இருபுறமும் வளையும் பகுதிகள்) பாதி நீளம்வரை 2 அங்குல அகலம், பிறகு ஒடுங்கி நுனியில் ½. ஓசேஜ் என்றால் 1½ அகலம் போதும். கனம் பிடியருகே ⅝, நுனியருகே ½, இப்போதைக்கு.

வயிறு தட்டையாகவே இருக்கும். ஆங்கில நெடுவில் மாதிரி உருட்டினால், உச்சியிலிருக்கும் ஒரு கீற்று மட்டும் முழு நெரிசலையும் வாங்கிச் சுருங்கும். முதுகு சற்றுக் குவிந்திருந்தால் கவலையில்லை.

மார்ச் 23

ஈரம் இறங்கக் காத்திருப்பு. சமையலறைத் தராசில் தினமும் எடை. பல நாள் குறையாமல் நின்றால் அறையின் காற்றோடு மரம் சமனாகிவிட்டது. 8–9 சதவீதம் சரி. ஈரமாக வளைத்தால் வில் வளைந்தபடியே நின்றுவிடும்.

மார்ச் 30

முதலில் தரையில் நுனியை ஊன்றி அழுத்தி, வில்லின் இரு கையும் ஒரே மாதிரி வளைகிறதா என்று பார்ப்பது. பிறகு நீள நாண், சுவரில் கட்டம், கப்பி, தொங்கு தராசு. இரண்டு விதி: 50 பவுண்டுக்கு மேல் ஒருபோதும் இழுக்கக் கூடாது, ஒவ்வொரு முறை சுரண்டியதும் முப்பது தடவையாவது மெல்ல இழுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் சுரண்டியதன் விளைவு உடனே தெரியாமல், அடுத்த நாள் அதிகமாகத் தெரியும்.

ஓரிடம் மட்டும் கீல் போல மடிந்தால் அங்கே கத்தி படவே கூடாது. அதன் இருபுறமும் விறைப்பாக நிற்பதைக் குறைக்க வேண்டும். கண்ணை நம்புவதைவிட 6 அங்குல நேர்க்கட்டையின் நடுவில் பென்சிலைச் செருகி, வளைந்த வில்லின் வயிற்றில் ஓட்டலாம். குழிவு குறைந்த இடத்தில் முனை உரசிக் கோடு விழும், விறைப்பு அங்கே.

ஏப்ரல் 6

பிடியிலிருந்து 3 அங்குல உயரத்தில் நிற்கும்படி குட்டை நாண் ஏற்றி, வளைவு சமமானதும் 6. இழுப்பு 22 அங்குலம் தாண்டியபின் ஒவ்வொரு அங்குலத்துக்கும் வயிற்றை டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். குறுக்கே மயிர்க்கோடு மாதிரி சுருக்கம் விழுந்தால், கண்ணுக்கு முன் நகத்துக்குத் தட்டும். விழுந்தது மறையாது. அந்த இடத்தின் சுமையைக் குறைப்பதே வழி: இருபுறமும் சுரண்டி, 5 பவுண்டு போனாலும் போகட்டும். போன வலுவை மீட்க நுனிகளை வெட்டிக் குட்டையாக்குவது பலரின் வழக்கம். லோகஸ்ட்டில் அது சுருக்கத்தை விலைகொடுத்து வாங்குவது.

வரும் முன் காக்க, முதுகின் விளிம்புகளை இருபுறமும் சரித்து முதுகை வயிற்றைவிட ஒடுக்கலாம். முதுகின் பலம் சற்றுக் குறையும், வயிறு மூச்சு விடும்.

ஏப்ரல் 13

கீழ்க்கை மேல்கையைவிடச் சற்று விறைப்பு: நாணுக்கும் கைக்கும் இடைவெளி கீழே ⅛ அங்குலம் குறைவு. விளிம்புகளை உருட்டி, 220 உப்புத்தாள், டங் எண்ணெய் நாலு பூச்சு. நாண் டேக்ரான் (செயற்கை நூல்), 14 இழை. அம்பின் எடை 500 கிரெயினுக்கு (சுமார் 32 கிராம்) குறையக் கூடாது. வெறும் நாணை இழுத்து விடவே கூடாது.