செல்சுவரை எது உடைக்கும் என்று கேட்டுப் படியுங்கள்

நீட்டுக்குத் தயாராகும் தம்பி தங்கைகள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "அக்கா, செல்சுவர்ல பாக்டீரியாவுக்குப் பெப்டிடோகிளைக்கன், பூஞ்சைக்குக் கைட்டின், தாவரத்துக்குச் செல்லுலோஸ், இதையெல்லாம் எப்படி மறக்காம வச்சுக்கிட்டீங்க?" பட்டியலாக ஒப்பித்தால் வீட்டில் சரியாக வரும், பரீட்சை அறையில் நாலு விடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்ததும் குழம்பிவிடும். அதனால் நான் நோட்டில் ஒவ்வொரு சுவருக்கும் நேராக 'இதை எது உடைக்கும்?' என்று ஒரு கட்டம் போட்டு வைத்திருந்தேன். இப்போது சென்னையில் எம்பிபிஎஸ் படிக்கும்போதும் அந்தக் கட்டம்தான் கைகொடுக்கிறது.

பாக்டீரியாவிலிருந்து தொடங்குங்கள், அங்கேதான் விஷயம் அதிகம். என்ஏஜி, என்ஏஎம் என்ற இரண்டு சர்க்கரைகள் மாறி மாறிக் கோத்த இழைகள், அந்த இழைகளைக் குறுக்கே பிணைக்கும் சின்ன அமினோ அமிலச் சங்கிலிகள், இதுதான் பெப்டிடோகிளைக்கன். நம் கண்ணீரிலும் எச்சிலிலும் முட்டை வெள்ளைக்கருவிலும் இருக்கும் லைசோசைம் அந்தச் சர்க்கரை இழையை வெட்டுகிறது. பெனிசிலின் வேறு இடத்தில் கை வைக்கிறது, குறுக்குப் பிணைப்பு உருவாகவே விடாது. சுவர் பலமிழந்ததும் நீர் உள்ளே புகுந்து செல் வெடித்துவிடும். இது புரிந்துவிட்டால் மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியா தானாக விளங்கும்: சுவரே இல்லை, அப்புறம் பெனிசிலின் எதைத் தடுக்கும்? கொதிக்கும் ஊற்று போன்ற கடினமான இடங்களிலும் வாழும் ஆர்க்கிபாக்டீரியாவில் பெப்டிடோகிளைக்கன் கிடையாது. அவற்றில் மீத்தேன் உண்டாக்கும் மெத்தனோஜென்கள் சிலவற்றில் அதைப்போன்ற சூடோமியூரின் இருக்கிறது, ஆனால் அதில் என்ஏஎம் இல்லை, சர்க்கரைப் பிணைப்பும் பீட்டா 1,4-க்குப் பதில் பீட்டா 1,3, எனவே லைசோசைம் செல்லாது. அவற்றின் சவ்வையும் சேர்த்துப் படியுங்கள்: நம் சவ்வு லிப்பிடில் எஸ்டர் பிணைப்பு, அவற்றில் ஈதர் பிணைப்பும் கிளைத்த சங்கிலியும். கொதிக்கும் ஊற்றில் வாழ்கிற உயிருக்கு இந்தச் சவ்வு எவ்வளவு பெரிய துணை என்று ஒரு நிமிடம் யோசித்தால் அந்த வரி மறக்கவே மறக்காது.

பாக்டீரியாவைச் சாயம் ஏற்றி இரண்டு வகையாகப் பிரிக்கும் கிராம் சாயமேற்றலை (1884) இதே இடத்தில் முடித்துவிடுங்கள். தடித்த சுவர் ஊதாச் சாயத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அது கிராம் பாசிட்டிவ். மெல்லிய சுவருக்கு வெளியே இன்னொரு சவ்வு உள்ளது கிராம் நெகட்டிவ், ஆல்கஹால் ஊற்றியதும் ஊதா போய்விடும், பிறகு சாஃப்ரனின் என்ற இன்னொரு சாயம் அதை இளஞ்சிவப்பாகக் காட்டும்.

பூஞ்சையில் ஒரு பொறி உண்டு. காசிமேட்டில் வாங்கிவரும் நண்டின் ஓட்டிலும் கைட்டின்தான், ஆனால் அது உடலுக்கு வெளியே இருக்கும் கூடு, நண்டின் செல்லுக்குச் சுவர் கிடையாது. 'கைட்டின்' என்ற சொல்லைப் பார்த்தவுடனே பூஞ்சையை டிக் அடிக்காதீர்கள், கேள்வி எதைப் பற்றியது என்று பாருங்கள். பூஞ்சையின் சவ்வில் கொலஸ்டிராலுக்குப் பதில் எர்கோஸ்டிரால். ஆம்போடெரிசின் பி என்ற பூஞ்சைக்கொல்லி மருந்து அதைப் பிடித்துக்கொண்டு சவ்வில் ஓட்டை போடுகிறது.

தாவரச் செல்லைப் புத்தகத்தில் மட்டும் படித்து விடாதீர்கள், தயவுசெய்து. சென்னையில் எத்தனையோ வீட்டு வாசல் தொட்டிகளில் ரியோ செடி இருக்கும், இலையின் அடிப்பக்கம் கருஞ்சிவப்பாக இருக்குமே, அதுதான். அந்த அடித்தோலை மெல்ல உரித்து, பள்ளி ஆய்வகத்து நுண்ணோக்கியில் வைத்து, ஓரத்தில் ஒரு சொட்டு உப்புக் கரைசல் விடுங்கள். கொஞ்ச நேரத்தில் அந்த நிறம் மூலையை விட்டு விலகி நடுவே சுருண்டு ஒதுங்கும், சுவரின் கட்டம் மட்டும் அசையாமல் அப்படியே நிற்கும். சுவர் வேறு, சவ்வு வேறு என்பது அப்போது கண்ணுக்கே தெரியும். அந்த இடைவெளியில் என்ன இருக்கிறது என்பது பரீட்சைகளில் திரும்பத் திரும்ப வரும் கேள்வி. விடை, வெளியே விட்ட அதே உப்புக் கரைசல், ஏனென்றால் சுவர் எல்லாவற்றையும் உள்ளே விடும், பொறுக்கி எடுப்பது சவ்வின் வேலை. பக்கத்துப் பக்கத்துச் செல்களின் சுவர்களை ஒட்டும் நடு அடுக்கில் கால்சியம் பெக்டேட், சுவரைக் கடந்து செல்லையும் செல்லையும் இணைப்பது பிளாஸ்மோடெஸ்மேட்டா, இந்த இரண்டு வரியும் போதும்.

ஒருசெல் உயிரிகளின் பிரிவான புரோட்டிஸ்டா வேகமாக முடியும். டயாட்டத்துக்குச் சிலிக்கா, டைனோஃபிளாஜெல்லேட்டுக்குச் செல்லுலோஸ் தகடு, யூக்ளினாவுக்குச் சுவருக்குப் பதில் புரதம் நிறைந்த பெல்லிக்கிள். விலங்கில் சவ்வு மட்டும்தான், அதனால் சிவப்பணுவைச் சுத்தமான நீரில் விட்டால் வெடிக்கும். மனிதச் சிவப்பணுச் சவ்வில் புரதம் சுமார் 52 சதவீதம், லிப்பிடு 40 சதவீதம். என்சிஇஆர்டியில் உள்ள இந்த எண்களையும், சவ்வின் அமைப்பை விளக்க சிங்கர், நிக்கல்சன் 1972-இல் சொன்ன பாய்ம மொசைக் மாதிரியையும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

படிக்க அமைதியான இடம் இல்லையென்றால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போங்கள், சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கத் தனிப் பகுதி உண்டு. திரும்பி வரும்போது மின்சார ரயிலில் தோழியோடு மாற்றி மாற்றிக் கேட்டுக்கொள்வேன், 'சுவர் சொல்லு, உடைக்கிறது சொல்லு' என்று. உயிரியலில் 90 கேள்வி, 360 மதிப்பெண், தவறான விடைக்கு ஒன்று போகும், அதனால் அரைகுறை நினைவில் டிக் அடிப்பது ஆபத்து. குறிப்பாகக் கூற்று, காரணம் வகையில் 'அனைத்து', 'எப்போதும்' என்று வந்தால் உடனே ஒப்புக்கொள்ளாதீர்கள். 'புரோகேரியோட்டுகள் (பாக்டீரியா போல உட்கரு இல்லாதவை) அனைத்துக்கும் செல்சுவர் உண்டு' என்றால் மைக்கோபிளாஸ்மாவை நினையுங்கள், 'செல்சுவர் உள்ள பாக்டீரியா அனைத்தும் கிராம் பாசிட்டிவ்' என்றால் கிராம் நெகட்டிவான ஈ கோலையை நினையுங்கள்.