பல் டாக்டர் நாற்காலி

என் தோழிக்குக் கடைவாய்ப் பல்லில் சொத்தை, நாலு வருஷமாக. வலி வந்தால் மாத்திரை போட்டுக்கொள்வாள், கன்னம் வீங்கினால் டாக்டரிடம் நேரம் வாங்குவாள், அன்றைக்குக் காலையிலேயே போன் பண்ணி ரத்து செய்துவிடுவாள். இரண்டு பிள்ளை பெற்றவளுக்கு ஊசின்னா பயமா என்று நான் கிண்டல் பண்ணிக்கொண்டே இருந்தேன். போன வருஷம் ஒரு நாள் அதே கிண்டலை மறுபடி எடுத்தபோது சொல்லிவிட்டாள். நாற்காலியைச் சாய்ப்பார்கள், மேலே ஒரு ஆள் குனிவார், வாயைத் திறந்தபடி கிடக்க வேண்டும், பேச முடியாது. "அவ்வளவுதான், எனக்கு மறுபடி ஒன்பது வயசாயிடும்."

(அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

அதைக் கேட்டதும் என் வாயில் முதலில் வந்தது என்ன தெரியுமா? "இத்தனை வருஷமா ஏன் சொல்லலை?" இந்த மாதிரி விஷயமெல்லாம் நிறையப் படித்தவள் நான், என்ன கேட்கக் கூடாது என்று அடுத்தவருக்குப் பாடம் எடுத்திருக்கிறேன், ஆனால் சமயத்தில் வந்தது அதுதான். அவள் நிதானமாகச் சொன்னாள்: "சொன்னேனே. மறுநாளே அம்மாகிட்ட சொன்னேன். யார்கிட்டயும் சொல்லாதேன்னாங்க." ஒன்பது வயதில் அவளைப் பாலியல் கொடுமை செய்த அந்த ஆள் அதற்கப்புறமும் வீட்டுக்கு வந்துபோய்க்கொண்டிருந்தாராம். அவர் வந்தால் உட்கார நாற்காலி எடுத்துப் போடுவது இவள் வேலையாம். நடந்ததைவிட அந்த நாற்காலியைப் பற்றித்தான் அன்று அதிகம் பேசினாள்.

எத்தனை பேருக்கு இப்படி? 2024இல் யுனிசெஃப் உலகம் முழுவதற்குமான ஒரு கணக்கை வெளியிட்டது. இன்று உயிரோடு இருக்கும் பெண்களில் 37 கோடிக்கும் மேற்பட்டவர்கள், அதாவது எட்டில் ஒருவர், 18 வயதுக்கு முன்பே வல்லுறவுக்கோ பாலியல் தாக்குதலுக்கோ ஆளானவர்கள். உடலைத் தொடாமல் செய்யும் சீண்டல்களையும் சேர்த்தால் ஐந்தில் ஒருவர். ஆண்களிலும் பதினொருவரில் ஒருவர், 24 கோடியிலிருந்து 31 கோடி வரை, சிறுவயதில் வல்லுறவுக்கோ பாலியல் தாக்குதலுக்கோ ஆளானவர்கள். அந்த ஆண்களில் எத்தனை பேர் வாயைத் திறந்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். பெரும்பாலும் செய்தவர் குழந்தைக்கு நன்றாகத் தெரிந்தவர், வீட்டுக்குள் வரப்போக இருப்பவர். முன்பின் தெரியாதவர் மிட்டாய் கொடுத்தால் வாங்காதே என்று மட்டும் சொல்லிக்கொடுத்தால் எப்படிப் போதும்?

பழைய விஷயம் ஏன் உடம்பில் இப்படி ஒட்டிக்கொள்கிறது என்பதற்கு ஒரு கதை உண்டு. 1980களில் அமெரிக்காவின் சான் டியாகோவில் வின்சென்ட் ஃபெலிட்டி என்ற மருத்துவர் உடல் எடை குறைப்பதற்கான ஒரு சிகிச்சை மையத்தை நடத்திவந்தார். அங்கே நன்றாக எடை குறைந்துகொண்டிருந்தவர்களே பாதியில் நின்றுவிட்டார்கள், அவருக்குக் காரணம் பிடிபடவில்லை. ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசும்போது ஒரு பெண்ணிடம், முதல் உடலுறவின்போது என்ன வயது என்று கேட்பதற்குப் பதிலாக, வாய் தவறி, என்ன எடை இருந்தீர்கள் என்று கேட்டுவிட்டார். நாற்பது பவுண்டு என்றார் அந்தப் பெண். சுமார் 18 கிலோ. அப்பாவால் நடந்தது. அப்புறம் கேட்கக் கேட்க இதே மாதிரிக் கதை பலரிடமிருந்தும் வந்தது. நாம் நோய் என்று நினைத்த பருமன் அவர்களில் சிலருக்குப் பாதுகாப்பாக இருந்திருக்கிறது, யார் கண்ணிலும் படாமல் இருப்பதற்கான வழியாக.

அதிலிருந்து வளர்ந்ததுதான் ஃபெலிட்டியும் ராபர்ட் அண்டா என்ற இன்னொரு மருத்துவரும் சேர்ந்து 17,000 பேருக்கு மேல் கேட்டு நடத்திய ஆய்வு. முதல் கட்டுரை 1998இல் வந்தது. சிறுவயதில் அடி, பாலியல் கொடுமை, வீட்டுக்குள் வன்முறை என்று நாலு வகையோ அதற்கு மேலோ பட்டவர்களுக்குக் குடி, போதை, மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் ஆபத்து, எதுவும் படாதவர்களைவிட 4 முதல் 12 மடங்கு அதிகம். இதய நோயும் கூடியது. இதில் கலந்துகொண்டவர்கள் பெரும்பாலும் படித்தவர்கள், மருத்துவக் காப்பீடு உள்ளவர்கள். "இதெல்லாம் அந்த மாதிரிக் குடும்பங்களில்தான் நடக்கும்" என்பவர்களுக்காகச் சொல்கிறேன். அதே சமயம் இது தலையெழுத்து இல்லை, ஆபத்து கூடுகிறது என்பதுதான் கணக்கு, பட்டவர் எல்லாருக்கும் இதெல்லாம் வந்தே தீரும் என்று அர்த்தமில்லை.

என் தோழியிடம் இந்தப் பட்டியலில் உள்ள எதுவும் இல்லை. வேலையில் கெட்டிக்காரி, எங்கேயும் தாமதமாகப் போகமாட்டாள். ஆனால் விளக்கை அணைத்துவிட்டுத் தூங்கமாட்டாள், எந்த அறையிலும் சுவரை ஒட்டி, கதவைப் பார்த்த மாதிரிதான் உட்காருவாள். இருபது வருஷப் பழக்கத்தில் ஒரு தடவைகூட அது எனக்கு உறைக்கவில்லை.

இன்னொன்றும் கேட்டேன் அவளிடம், அதற்கும் வெட்கப்படுகிறேன். கத்தியிருக்கலாமே என்று. உறைந்துபோய்விட்டாளாம், கை கால் தன்னுடையது மாதிரியே இல்லையாம். அது கோழைத்தனம் இல்லை, சம்மதமும் இல்லை. ஸ்டாக்ஹோமில் வல்லுறவுக்கு ஆளாகி அவசர சிகிச்சைக்கு வந்த 298 பெண்களிடம் கேட்டு 2017இல் வந்த ஆய்வில், 70 சதவீதம் பேர் அந்த நேரத்தில் அசைய முடியாமல் உறைந்திருந்தார்கள். வளர்ந்த பெண்களுக்கே அப்படி, ஒன்பது வயதுப் பிள்ளைக்கு எப்படி இருந்திருக்கும்? இது தெரியாமல் முப்பது வருஷமாக அவள் தன்னையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவைத்திருந்தாள். நான் போய் அதே கேள்வியைக் கேட்டிருக்கிறேன்.

சரி, பல் விஷயம். ஒருவழியாகப் போனோம். அதற்கு முன்பே அவள் டாக்டருக்குப் போன் பண்ணி, சாய்ந்து படுப்பதில் தனக்குச் சிரமம் இருக்கிறது, பழைய காரணம், அதைப் பற்றிப் பேச விருப்பமில்லை என்று மட்டும் சொல்லியிருந்தாள். டாக்டர் ஒன்றும் கேட்கவில்லை. கதவைத் திறந்தே வைத்தார், நாற்காலியைப் பாதிதான் சாய்த்தார், ஒவ்வொன்றையும் செய்வதற்கு முன்னால் சொன்னார். "இடது கையைத் தூக்குங்க, எதுவா இருந்தாலும் உடனே நிறுத்திடுறேன்." நான் கதவருகே உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தேன். ஆறு தடவை தூக்கினாள். அதில் இரண்டு தடவை வலியே இல்லையாம், நிஜமாகவே நிறுத்துகிறாரா என்று பார்க்கத்தான் தூக்கினாளாம்.